இன்வர்ட்டர் ஓவர்லோடுன்னு கத்துதா? பெருசா வாங்கறதா, கேபிள் மாத்தறதா, லித்தியம் பேட்டரி போடறதா

போன வாரம் ஹூஸ்டன்ல இருந்து நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார், வயசுல சின்னவர், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவார். 24 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி, பொதுவா ஆர்வின்னு சொல்வாங்க) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார். "அண்ணா, மைக்ரோவேவ் போட்டா அரை நிமிஷத்துல இன்வர்ட்டர் கீ கீன்னு கத்திட்டு ஆஃப் ஆயிடுது, ஓவர்லோடு லைட் எரியுது, 2000 வாட் பத்தல போல, 3000 வாட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஆர்டர் போட்டுடவா?"ன்னு கேட்டார். போடாதீங்க, ரெண்டு நாள் பொறுங்கன்னு சொன்னேன். ஏன்னா மூணு வருஷம் முன்னாடி நான் யாரையும் கேக்காம அதைத்தான் வாங்கினேன், பிரச்சனை அப்படியே இருந்துச்சு, கைல இருந்த காசுதான் போச்சு. அவருக்கு போன்ல சொன்னத கொஞ்சம் விவரமா எழுதி வைக்கறேன், ஆர்வி வச்சிருக்கற நம்ம ஆளுங்க இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க, எல்லாரும் இதே இடத்துலதான் வந்து நிக்கறாங்க.

என் கதைய முதல்ல சொல்லிடறேன். டிசம்பர் லீவுல பிக் பெண்ட் நேஷனல் பார்க் போயிருந்தோம், ரியோ கிராண்டே வில்லேஜ்ல ஹூக்கப், அதாவது கரண்ட், தண்ணி இணைப்பு இல்லாத சைட். காலைல நல்ல குளிர், பையனுக்கு பால் சூடு பண்ண மைக்ரோவேவ் போட்டாங்க வீட்ல, நாப்பது செகண்ட் கூட ஓடல, அலாரம், அப்புறம் எல்லாமே ஆஃப். ரீசெட் பண்ணி திரும்ப போட்டா இன்னும் சீக்கிரம் ஆஃப். லைட்டு சிவப்பு, மேனுவல்ல பார்த்தா ஓவர்லோடு ஆர் ஃபால்ட். சரி 2000 வாட் பத்தலன்னு முடிவு பண்ணி ஊருக்கு வந்ததும் 3000 வாட் வாங்கி, பழைய ஓனர் காலத்துல யாரோ இழுத்து வச்சிருந்த அதே கேபிள்லயே மாட்டினேன். மார்ச்ல ஸ்பிரிங் பிரேக்குக்கு திரும்ப அதே இடம், அதே மைக்ரோவேவ், அதே கீ கீ. அப்ப பக்கத்து சைட்ல இருந்த பெரியவர், ரிட்டையர் ஆன எலக்ட்ரீஷியன், சத்தம் கேட்டு வந்தார். ஒரே ஒரு மல்டிமீட்டர்தான் கொண்டு வந்தார். மைக்ரோவேவ ஓட விட்டு பேட்டரி முனைல வச்சு பார்த்தார், 11.4 வோல்ட். அப்படியே இன்வர்ட்டர் பின்னாடி இருக்கற டெர்மினல்ல வச்சார், 10.4. நடுவுல ஒரு வோல்ட்ட காணோம். அப்புறம் கேபிள் லக்க (கேபிள் முனைல மாட்டற உலோக வளையம்) தொட்டுப் பாருன்னார், தொட்டேன், விரல வச்சிருக்க முடியல. அந்த லக்க கிரிம்பிங் டூல்ல அழுத்தாம சுத்தியல்ல தட்டி நசுக்கியிருந்தாங்க, மேல போட்டிருந்த ஹீட் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் உறை கருகி சுருண்டு போயிருந்துச்சு, செம்புக் கம்பி முனைல பச்சையா பூத்திருந்துச்சு. இத்தனை நாளா அதுக்கு முப்பது செண்டிமீட்டர் தள்ளி என் பையன் படுத்து தூங்கற பெட்டு. இத எழுதும்போது கூட வயித்துல ஒரு மாதிரி இருக்கு, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் பம்புசெட்டு போட்டா லைன் கடைசில இருக்கற வீட்டுல டியூப்லைட் மின்னி மின்னி எரியாம நிக்குமே, அதேதான் இது. டிரான்ஸ்ஃபார்மர்ல கரண்ட் இருக்கும், வீட்டுக்கு வந்து சேரும்போது வோல்டேஜ் இருக்காது. அங்க போய் பெரிய டியூப்லைட் வாங்கி மாட்டினா எரியுமா? தலைவலிக்கு தலையணைய மாத்தின கதைதான் நான் பண்ணது.

எப்ப கத்துதுன்னு முதல்ல பாருங்க

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி செல்போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு கவனிங்க. நிறைய இன்வர்ட்டர்ல லோ வோல்டேஜ், ஓவர்லோடு, ஹீட் மூணுக்கும் ஒரே சிவப்பு லைட்தான், சிலதுல அலாரம் சத்தம் மட்டும் வேற மாதிரி இருக்கும். ஆனா நேரம் காட்டிக் கொடுத்துடும். சுவிட்ச போட்ட அதே நொடில விழுந்தா அது ஸ்டார்ட்டிங் கரண்ட், மோட்டார் இருக்கற சாமான் எல்லாம் கிளம்பும்போது ஓடறத விட மூணு மடங்கு அஞ்சு மடங்கு இழுக்கும், மாவு போட்ட மிக்ஸி, ரூஃப் ஏர் கண்டிஷனர், கம்ப்ரசர் இதெல்லாம் அந்த வகை. இருபது முப்பது செகண்ட் நல்லா ஓடிட்டு, உள்ள எரியற லைட் லேசா மங்கி, அப்புறம் விழுந்தா அது வோல்டேஜ் இறங்கறது, அதாவது பேட்டரியோ கேபிளோ. பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடி, ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்தி, அப்புறம் விழுந்தா அது சூடு. டெக்ஸஸ்ல ஜூலை மாசம் சீட்டுக்கு அடில மூடி வச்ச பெட்டிக்குள்ள இன்வர்ட்டர் இருந்தா 2000 வாட் மெஷின் 2000 வாட் கொடுக்காது, நிறைய மாடல் 40 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே தானா குறைச்சுக்கும். இந்த மூணாவது வகைக்கு வைத்தியம் ரொம்ப சுலபம், கிரில் போட்டு காத்து போக வழி விடுங்க, ஃபேன்ல இருக்கற தூசி, நாய் முடி எல்லாம் ஊதி எடுங்க, அவ்வளவுதான்.

இன்னொன்னு, பெட்டி மேல 2000ன்னு பெருசா இருந்தா அத நம்பிடாதீங்க, மலிவான சில மாடல்ல அது ரெண்டு செகண்ட் தாங்கற பீக் வாட், கீழ பொடி எழுத்துல கன்டினியூயஸ் 1000னு இருக்கும். அப்படின்னா அந்த இன்வர்ட்டர் நிஜமாவே பத்தாது, அங்க விவாதமே இல்ல. மைக்ரோவேவ் விஷயத்துல எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு, 1000 வாட் மைக்ரோவேவ்னா அது சாப்பாட்டுக்குள்ள போற வாட், செவுத்துல இருந்து இழுக்கறது 1500 பக்கம் வரும். மாடிஃபைடு சைன் வேவ் (கரண்ட் அலை படிக்கட்டு மாதிரி வர்ற மலிவு வகை) இன்வர்ட்டர்ல போட்டா உறுமும், சூடும் சரியா ஏறாது, புதுசா வாங்கறவங்க ப்யூர் சைன் தவிர வேற எதையும் பார்க்காதீங்க.

யாருமே ஆன் பண்ணாத லோடு

இது காசே இல்லாத வைத்தியம், ஆனா பத்துல பாதி பேர் இத பார்க்கவே மாட்டாங்க. ஆர்வில இருக்கற கேஸ் ஃபிரிட்ஜ ஆட்டோ மோடுல விட்டிருப்பீங்க. 120 வோல்ட் எங்கயாவது வந்தா அது உடனே கேஸ விட்டுட்டு கரண்ட்டுக்கு மாறிடும், அது இன்வர்ட்டர்ல இருந்து வருதா கேம்ப்கிரவுண்ட் கரண்ட் கம்பத்துல இருந்து வருதான்னு அதுக்குத் தெரியாது, சத்தமே இல்லாம 300, 400 வாட் இழுத்துக்கிட்டு இருக்கும். வாட்டர் ஹீட்டர்ல எலக்ட்ரிக் சுவிட்ச் ஆன்ல இருந்தா கேக்கவே வேணாம், ஆறு கேலன் டேங்க்ல இருக்கற எலிமென்ட் 1400 வாட் சொச்சம், அதுவே பாதி இன்வர்ட்டருக்கு மேல தின்னுடும், மேல மைக்ரோவேவ் போட்டா விழாம என்ன பண்ணும். மூணாவது இதெல்லாத்த விட மோசம், ஷோர் கேபிள (கம்பத்துல சொருகற வண்டியோட மெயின் கேபிள்) நேரா இன்வர்ட்டர்ல சொருகி வண்டி முழுசுக்கும் கரண்ட் கொடுக்கறவங்க இருக்காங்க, அப்ப வண்டில இருக்கற கன்வெர்ட்டர் சார்ஜரும் ஆன் ஆகும், பேட்டரில இருந்து கரண்ட் எடுத்து இன்வர்ட்டர் வழியா போய் அதே பேட்டரிய சார்ஜ் பண்ணும். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தறது மாதிரி, சுத்தி சுத்தி பேட்டரி காலியாகும். கன்வெர்ட்டர் பிரேக்கர ஆஃப் பண்ணுங்க, ஃபிரிட்ஜ கேஸ்ல ஃபிக்ஸ் பண்ணுங்க, வாட்டர் ஹீட்டர் எலக்ட்ரிக் சுவிட்ச்ச ஆஃப் பண்ணி மேல ஒரு டேப் ஒட்டிடுங்க. இத பண்ணிட்டு திரும்ப மைக்ரோவேவ் போட்டுப் பாருங்க, சில பேருக்கு கதை இங்கயே முடிஞ்சிடும்.

முடியலன்னா, இப்பதான் எதுக்கு காசு போடறதுன்னு கேள்வி.

முதல் வழி, எதையும் வாங்காம சமாளிக்கறது

நம்ம சமையலுக்கு இது நெனைக்கறத விட நல்லா வேலை செய்யும். வண்டிலயே ப்ரோபேன் அடுப்பு இருக்கு, இட்லிக் குக்கர், சோறு, சாம்பார் எல்லாம் அதுல பண்ணிடலாம், மேல வென்ட்ட திறந்து வச்சு, கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு பண்ணுங்க. 110 வோல்ட் மிக்ஸி 550 வாட், டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் பக்கம், இது ரெண்டும் 2000 வாட் இன்வர்ட்டருக்கு ஒரு விஷயமே இல்ல. இன்ஸ்டன்ட் பாட் ஆறு குவார்ட் 1000 வாட், சின்னது மூணு குவார்ட் 700, ஆர்விக்கு சின்னதே போதும்னு நான் சொல்வேன். பிரச்சனை பண்றது நாலே நாலுதான், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு 1800, ஹேர் டிரையர் 1500ல இருந்து 1875, அப்புறம் காபி மெஷின். இண்டக்‌ஷன 500ல வச்சா 500தான் இழுக்கும்னு நெனைச்சிடாதீங்க, மலிவு அடுப்பு நிறைய கம்மி செட்டிங்ல ஃபுல் பவர்ல அஞ்சு செகண்ட் ஓடி அஞ்சு செகண்ட் நிக்கும், சராசரிதான் 500, இன்வர்ட்டருக்கு அந்த அஞ்சு செகண்டே போதும். ஒரு நேரத்துல ஒண்ணுதான்னு வீட்ல எல்லாரும் பேசி வச்சுக்கிட்டா போதும்.

வருஷத்துக்கு மூணு நாலு தடவை, அதுவும் ஹூக்கப் இருக்கற பார்க்குக்கே போறவங்களுக்கு இந்த வழியே நல்லது, மேல எதுவும் படிக்க வேண்டாம்னு கூட சொல்லலாம். 30 ஆம்ப் கம்பத்துல சொருகிட்டா 3600 வாட், இன்வர்ட்டருக்கு வேலையே இல்ல. ஆனா ஒண்ணு, கேபிள் சூடாகுதுன்னா சமாளிக்கற பேச்சுக்கே இடம் இல்ல, அத சரி பண்ணாம இன்வர்ட்டர ஆன் பண்ணக்கூடாது.

ரெண்டாவது, கேபிளும் லக்கும்

என் கணக்குல போட்ட காசுக்கு அதிகமா திரும்பக் கொடுக்கறது இதுதான். கணக்க பாருங்க. 1500 வாட் மைக்ரோவேவ், 120 வோல்ட்ல வெறும் 12.5 ஆம்ப். அதையே 12 வோல்ட் பேட்டரில இருந்து எடுக்கணும்னா இன்வர்ட்டர்ல வீணாகறதையும் சேர்த்து 140, 150 ஆம்ப். நம்ம வீட்டு மெயின் பிரேக்கர் அளவு கரண்ட் அது, சீட்டுக்கு அடில ஒரு கேபிள்ல ஓடுது. என் வண்டில இருந்தது 4 கேஜ் கேபிள், பேட்டரில இருந்து எட்டு அடி, போக வர பதினாறு அடி. அந்த நீளத்துக்கு 4 கேஜ்ல 150 ஆம்ப் ஓடினா கேபிள்ல மட்டும் 0.6 வோல்ட் போயிடும். அந்த சுத்தியல் லக்கு, ஃபியூஸ், டிஸ்கனெக்ட் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து இன்னொரு 0.4. ஒரு வோல்ட் இன்டு 150 ஆம்ப், 150 வாட் சூடா கேபிள்லயே எரியுது, அதுல 60 வாட் சொச்சம் நாலஞ்சு ஜாயின்ட்ல. பழைய குண்டு பல்ப்ப ஜாயின்ட்டுக்குள்ள எரிய விட்ட மாதிரி. இன்வர்ட்டருக்கு வந்து சேர்ற வோல்டேஜ் குறைய குறைய அதே வாட்ட கொடுக்க அது இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், அதனால இன்னும் வோல்டேஜ் குறையும், கடைசில 10.5 பக்கம் வந்ததும் போதும்டா சாமின்னு ஆஃப் ஆயிடும், பெரும்பாலான மாடல்ல கட் ஆஃப் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

அதே பதினாறு அடிக்கு 2/0 கேபிள், டூ ஆட்னு சொல்வாங்க, 4 கேஜ விட ரொம்ப தடிமன், அத போட்டா அதே 150 ஆம்ப்புக்கு 0.2 வோல்ட்டுக்கும் கீழதான் போகும். இன்வர்ட்டர பேட்டரிக்குப் பக்கத்துல நகர்த்தி நீளத்த பாதி பண்ணா அதுவும் பாதி. ஆனா லெட் ஆசிட் பேட்டரி இருக்கற அதே மூடின பெட்டிக்குள்ள இன்வர்ட்டர வச்சிடாதீங்க, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி போதும். லக்கு அடிக்க ஹைட்ராலிக் கிரிம்பர் வேணும், நாப்பது அம்பது டாலருக்கு கிடைக்குது, இல்லன்னா சரியான நீளம் சொல்லி ரெடிமேடா கிரிம்ப் பண்ண கேபிள் வாங்கிடுங்க, அதுதான் நான் பண்ணேன். ப்ளஸ் கேபிள்ல பேட்டரிக்கு ஒட்டின மாதிரி ஃபியூஸ், 2000 வாட்டுக்கு 250 ஆம்ப் கிட்ட, மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது. லித்தியம் போடற எண்ணம் இருந்தா கிளாஸ் டி (Class T) ஃபியூஸ்தான், லித்தியம் ஷார்ட் ஆனா வர்ற கரண்ட்ட சாதா ஃபியூஸ் அறுக்க முடியாம போகலாம். வேலைல இறங்கறதுக்கு முன்னாடி சோலார், சார்ஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு பேட்டரி நெகட்டிவ்வ முதல்ல கழட்டுங்க, மோதிரம், காப்பு, கை செயின் எல்லாத்தையும் கழட்டி தூர வைங்க, 12 வோல்ட் ஷாக் அடிக்காதுங்கறது சரி, ஆனா ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவுல மோதிரம் மாட்டினா ஒரு நொடில பழுத்துடும்.

மூணாவது, லித்தியம்

செகண்ட் ஹேண்ட் ஆர்வில பெரும்பாலும் குரூப் 24 சைஸ் லெட் ஆசிட் பேட்டரி ரெண்டு இருக்கும், ஒண்ணு 80 ஆம்ப் ஹவர் (பேட்டரி எவ்வளவு தேக்கி வைக்கும்ங்கற அளவு) பக்கம், ரெண்டும் சேர்த்து 160, அதுல பாதிதான் தொடலாம், அதுக்குக் கீழ போனா பேட்டரி ஆயுசு குறையும். இதுல இன்னொரு சங்கடம், மெதுவா எடுத்தா கொடுக்கற அளவ வேகமா எடுத்தா கொடுக்காது, 150 ஆம்ப்ல உறிஞ்சினா அந்த 160ங்கறது பேப்பர்லதான். ரெண்டு மூணு வருஷம் பழசாகி தண்ணி ஊத்தாம விட்ட பேட்டரின்னா ரெஸ்ட்ல 12.6 காட்டும், லோடு வந்ததும் 11க்கு விழுந்துடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அப்படி இல்ல, 13 வோல்ட் பக்கத்துலயே நின்னு கடைசி வரைக்கும் கொடுக்கும், வெயிட்டும் பாதிக்குக் கீழ. அஞ்சாறு வருஷம் முன்னாடி 100 ஆம்ப் ஹவர் ஒண்ணு 900 டாலருக்கு விற்றப்ப யோசிக்க வேண்டியிருந்துச்சு, இப்ப 200, 300 டாலருக்கே கிடைக்குது, அதனால பழைய லெட் ஆசிட் செத்துப் போச்சுன்னா திரும்ப லெட் ஆசிட் வாங்கறதுல அர்த்தமே இல்லன்னு நெனைக்கறேன்.

ஆனா இங்க ஒரு குழி இருக்கு, நிறைய பேர் விழறாங்க. 100 ஆம்ப் ஹவர் லித்தியம் ஒரே ஒண்ணு வாங்கி 2000 வாட் இன்வர்ட்டர்ல மாட்டுவாங்க. அந்தப் பேட்டரிக்குள்ள இருக்கற பிஎம்எஸ், அதாவது பேட்டரிய காவல் காக்கற சர்க்யூட், பெரும்பாலும் 100 ஆம்ப்புக்கு மேல தொடர்ந்து விடாது. 100 இன்டு 12.8, 1280 வாட். மைக்ரோவேவ் போட்டதும் பிஎம்எஸ் கதவ சாத்திடும், வண்டி முழுக்க இருட்டு, பார்க்கறவங்களுக்கு இதுவும் இன்வர்ட்டர் ஓவர்லோடு மாதிரியே தெரியும். ரெண்டு பேட்டரிய பேரலல்ல போடணும், ப்ளஸ் ஒரு பேட்டரில இருந்தும் நெகட்டிவ் மத்ததுல இருந்தும் எடுக்கணும், அப்பதான் ரெண்டும் சமமா வேலை செய்யும். ரெண்டாவது, எஞ்சின் ஆல்டர்னேட்டர்ல இருந்து லித்தியத்துக்கு நேரா சார்ஜ் விட்டா அது அடங்காம இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகி போயிடும், நடுவுல 30 ஆம்ப் டிசி டு டிசி சார்ஜர் ஒண்ணு வேணும். பழைய கன்வெர்ட்டர்ல லித்தியம் செட்டிங் இல்லன்னா ஃபுல்லா சார்ஜ் ஆகாது. ஃப்ரீசிங் டெம்பரேச்சருக்குக் கீழ, அதாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ லித்தியத்த சார்ஜ் பண்ணக்கூடாது, கொலராடோ பக்கம் குளிர்காலத்துல போறவங்க பேட்டரிய வண்டி உள்ள வைங்க. இதெல்லாம் சேர்த்தா 500 டாலர் பேட்டரி ஆயிரத்துக்கு மேல ஆயிடும், அத முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

சோலார் போட்டா இது சரியாகுமான்னும் கேக்கறாங்க. ஆகாது. 200 வாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 50, 60 ஆம்ப் ஹவர் நிரப்பும், ரொம்ப நல்ல விஷயம், ஆனா மைக்ரோவேவ் கேக்கற 150 ஆம்ப்ப அந்த நேரத்துல அது கொடுக்கப் போறதில்ல.

நாலாவது, பெரிய இன்வர்ட்டர்

எல்லாரும் முதல்ல நெனைக்கறது இது, நான் கடைசி பக்கம் தள்றேன். 3000 வாட்ட முழுசா எடுத்தா 12 வோல்ட்ல 270, 280 ஆம்ப். அதுக்கு 2/0 விட தடிமனான 4/0 கேபிள், 400 ஆம்ப் ஃபியூஸ், மூணு நாலு லித்தியம் பேட்டரி வேணும். அது எதுவும் இல்லாம இன்வர்ட்டர மட்டும் பெருசாக்கினா கழுத்து குறுகின குடத்துக்கு வயித்த பெருசாக்கின மாதிரிதான். இன்னொரு செலவு யாரும் சொல்லாதது, சும்மா ஆன்ல இருந்தாலே பெரிய இன்வர்ட்டர் 30 வாட் பக்கம் தின்னும். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 58 ஆம்ப் ஹவர். என் ரெண்டு லெட் ஆசிட்ல தொடக்கூடிய 80ல அது மட்டும் 58, அதனாலதான் மார்ச் ட்ரிப்ல டிசம்பர விட மோசமா இருந்துச்சு, ராத்திரி ஆஃப் பண்ண மறந்தா காலைல பேட்டரி பாதி செத்திருக்கும்.

எப்ப இது சரின்னா, கில்-ஏ-வாட் மீட்டர் மாதிரி ஒண்ண, முப்பது டாலருக்குள்ள வரும், செவுத்துல சொருகி உங்க சாமான் ஒவ்வொண்ணும் எவ்வளவு இழுக்குதுன்னு எழுதிப் பார்த்து, ஒரே நேரத்துல ஓடியே ஆக வேண்டியது உண்மையிலேயே 2000 தாண்டுது, பேட்டரியும் கேபிளும் ஏற்கெனவே பலமா இருக்கு, லோடுல இன்வர்ட்டர் டெர்மினல்ல 12.5க்கு மேல நிக்குது, அப்பவும் ஓவர்லோடு வருதுன்னா வாங்குங்க. வருஷக் கணக்கா வண்டிலயே இருந்து வேலை பார்க்கறவங்க, முழுசா எலக்ட்ரிக் சமையல்னு முடிவு பண்ணவங்களுக்கு அது தேவைதான். அவங்க கூட 3000க்கு மேல போறதா இருந்தா 24 வோல்ட் சிஸ்டம் யோசிக்கலாம், ஆம்ப் பாதி ஆயிடும், ஆனா வண்டில இருக்கற லைட், பம்ப் எல்லாம் 12 வோல்ட், அதுக்குத் தனியா இறக்கிக் கொடுக்கணும்.

ஜெனரேட்டரும் ரூஃப் ஏசியும்

ரூஃப் ஏர் கண்டிஷனர இன்வர்ட்டர்ல ஓட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒரு கணக்கு. 13,500 பிடியு (குளிர்விக்கற திறனோட அளவு) ஏசி ஓடும்போது 1500 வாட் பக்கம், கிளம்பும்போது அதோட பல மடங்கு. சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டா, முந்நூறு டாலர் பக்கம், அந்த ஸ்டார்ட்டிங் கரண்ட் பாதிக்குக் கீழ இறங்கிடும், கிளம்பிடும். ஆனா ரெண்டு 100 ஆம்ப் ஹவர் லித்தியம் ஒன்றரை மணி நேரம் கூட தாங்காது. மதியம் சாப்பிட நிறுத்தற அரை மணிக்கு சரி, ராத்திரி தூங்க ஆகாது. அதுக்கு ஜெனரேட்டர்தான், கிளாஸ் சில பெரும்பாலும் 4000 வாட் ஓனான் கம்பெனி ஜெனரேட்டர் ஏற்கெனவே இருக்கும், வண்டி பெட்ரோல் டேங்க்ல இருந்தே எடுத்துக்கும், கால் டேங்க் வந்ததும் தானா நின்னுடும், நாம நடுவழில மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க.

இருக்கற ஜெனரேட்டர ஓட்டறதுதான் எல்லாத்த விட மலிவு, ஆனா நேஷனல் பார்க் கேம்ப்கிரவுண்ட்ல ஜெனரேட்டருக்கு நேரம் குறிச்சு வச்சிருப்பாங்க, பிக் பெண்ட்ல ரியோ கிராண்டே வில்லேஜ்லயே ஜெனரேட்டர் கூடாதுன்னு தனியா ஒரு பகுதி இருக்கு. காலைல ஆறு மணிக்கு குழந்தைக்கு பால் சூடு பண்ண அத ஸ்டார்ட் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது, அடுத்த சைட்ல தூங்கறவங்க இருக்காங்க. உயரத்துக்குப் போனா சக்தியும் குறையும், ஆயிரம் அடிக்கு மூணரை சதவீதம் மாதிரி, கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் 7000 அடி, அங்க 4000 வாட் ஜெனரேட்டர் 3000 கொடுத்தா பெருசு. மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் பாதி லோடுல ஓட்டலன்னா கார்புரேட்டர் அடைச்சுக்கும், அது வேற.

கடைசில நான் என்ன பண்ணேன்

3000 வாட்ட நஷ்டத்துக்கு வித்துட்டு பழைய 2000ஐயே திரும்ப மாட்டினேன். இன்வர்ட்டர பேட்டரில இருந்து அஞ்சு அடிக்குக் கொண்டு வந்து, 2/0 கேபிள், கிளாஸ் டி ஃபியூஸ். கேபிள் மட்டும் மாத்தினப்பவே அதே பழைய லெட் ஆசிட்ல மைக்ரோவேவ் நாலு நிமிஷம் ஓடுச்சு, அத பார்த்துட்டு வீட்ல, "அப்ப அந்தப் பெரிய பெட்டிய எதுக்குங்க வாங்கினீங்க"ன்னு கேட்டாங்க. அடுத்த வருஷம் லெட் ஆசிட் ரெண்டும் போனப்ப லித்தியம் ரெண்டு போட்டேன். இப்ப மைக்ரோவேவ் ஓடும்போது பேட்டரில 13.0, இன்வர்ட்டர் டெர்மினல்ல 12.8, லக்க தொட்டா வெதுவெதுப்பு கூட இல்ல.

ஹூஸ்டன் நண்பர்கிட்ட இதெல்லாம் சொல்லி, மைக்ரோவேவ்ல ஒரு பாத்திரம் தண்ணிய வச்சு ஓட விட்டு ரெண்டு இடத்துலயும் அளந்து சொல்லுங்கன்னேன். ஞாயித்துக்கிழமை படம் எடுத்து அனுப்பினார். பேட்டரி முனைல 10.7, இன்வர்ட்டர்ல 10.5. அவருக்கு கேபிள்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல, யாரோ ஒழுங்கா 2/0 போட்டு வச்சிருக்காங்க, பேட்டரிதான் முடிஞ்சு போச்சு, மூடிய திறந்து பார்த்தா ரெண்டு செல்லுல தண்ணி தகடுக்குக் கீழ. வாட்டர் ஹீட்டர் சுவிட்ச்சும் ஆன்லயேதான் இருந்துச்சாம். 3000 வாட்ட கார்ட்ல இருந்து எடுத்துட்டு 100 ஆம்ப் ஹவர் லித்தியம் ரெண்டும், டிசி டு டிசி சார்ஜரும், கிளாஸ் டி ஃபியூஸும் போட்டிருக்கார். கன்வெர்ட்டர் மாடல் நம்பர் அனுப்புங்க, லித்தியம் செட்டிங் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஆர்டர் கொடுங்கன்னு சொல்லியிருக்கேன், இன்னும் அந்த நம்பர் வரல.